எலிகளுக்கு நாள் பார்த்த வீடு

தம்பி,

பெட்டியில் கிடந்த உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் சாகவில்லை. நான் அறந்தாங்கி வீட்டில்தான் இருக்கிறேன். காலையில் நாலு இட்லி தின்றுவிட்டு, ஃபேனுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். விரலால் தொட்டால் ஜெர்மனியில் மணி அடிக்கிற காலத்தில் கிழவன் தபால் எழுதுகிறானே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. 'எப்படிப்பா இருக்கீங்க' என்று நீ கேட்டு முடிப்பதற்குள், 'எனக்கென்னடா, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்' என்று என் வாய் முந்திக்கொள்கிறது. நாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஒரே பதில்தான். பேனா அவ்வளவு சீக்கிரம் முந்துவதில்லை, அதனால்தான் இது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ அனுப்பினாயே ஒரு படம், கறுப்புக்கு நடுவில் பச்சைப் பச்சையாகப் புள்ளியும் அதிலிருந்து கிளம்பும் இழையுமாக, அதை பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி வைத்திருக்கிறேன். உன் தாய்மாமா வந்து பார்த்துவிட்டு, 'என்ன மச்சான், கொளத்துப் பாசியப் படம் புடிச்சு மாட்டியிருக்கீங்க' என்றான். எலியின் மூளை என்று சொன்னேன். 'சாமி படம் மாட்டுற எடத்துல எலி மூளையா' என்று தலையில் அடித்துக்கொண்டான். ஹார்டுவேர் கடையில் ஆணியும் பெயின்டும் விற்கிறவனுக்கு என்ன தெரியும், விடு.

எனக்குத் தெரியும். உன் வேலை எனக்குப் பிடிபட்டது என் லைன்மேன் வேலையின் வழியாகத்தான். கடைவீதிக் கம்பம் ஒவ்வொன்றிலும் வீடுகளுக்குப் போகிற வயர் ஐம்பது அறுபது சிக்கிக் கிடக்கும், எல்லாம் ஒரே கறுப்பு. ஒரு வீட்டில் கரண்ட் இல்லையென்றால் அந்த வீட்டு வயர் எது, எப்படிப் போகிறது என்று பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துபோகும். உன் அம்மாவின் பழைய சேலையில் சிவப்பாகப் பார்த்துக் கிழித்து வைத்திருப்பேன். அந்த வீட்டு முனையில் தொடங்கி, ஏணி எட்டும் இடத்திலெல்லாம் ஒரு கிழிசலைக் கட்டிக்கொண்டே போவேன். கடைசியில் கீழே நின்று பார்த்தால் அந்த ஒரு வயர் மட்டும் தனியாகத் தெரியும். நீ போன புதிதில் போனில் விளக்கினாய். எலியின் மண்டைக்குள் கோடிக்கணக்கில் நரம்புச் செல், எல்லாம் பார்க்க ஒன்றுபோல. அதில் ஒரே ஒரு வகையை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்காகப் பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பை, எலி பிறப்பதற்கு முன்பே, கருமுட்டையிலேயே சேர்த்துவிடுகிறீர்கள். குறிப்பு எல்லாச் செல்லிலும் இருக்கும், சுவிட்ச் மட்டும் டோபமைன் என்ற சரக்கைச் செய்கிற செல்லில்தான் விழும். நீல வெளிச்சம் அடித்தால் அது மட்டும் பச்சையாக எரியும். 'அட, நம்ம சேலைக் கிழிசல்' என்றேன். நீ அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

அந்தப் பச்சைப் புரதம் முதன்முதலில் ஏதோ ஒரு கடலின் ஜெல்லி மீனில், நம் ஊர்ச் சொறிமீனில் இருந்து எடுத்தது என்றும் அன்றைக்குச் சொன்னாய். எனக்குக் கோட்டைப்பட்டினம் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு அங்கே மாற்றலாகியிருந்தபோது உனக்கு ஏழு வயது. கரையில் கண்ணாடிபோல ஒதுங்கிக் கிடந்த சொறியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு என்னிடம் காட்ட ஓடி வந்தாய். வருவதற்குள் கை தடித்துச் சிவந்து, ஊரைக் கூட்டி அழுதாய். நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கண்டதைத் தொடுவியா என்று கன்னத்தில் ஒன்று விட்டேன். வலைக்காரர் ஒருவர்தான் ஓடி வந்து கடல் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கழுவினார். அப்பனுக்குக் காட்டத்தானே பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கே போனில் கேட்டிருக்கலாம், வெட்கமாக இருந்தது. இப்போது கேட்டுக்கொள்கிறேன், மன்னித்துவிடு.

உன் அம்மாவுக்கு உன் எலிகள் மேல் ஒரு கண். 'நான் கருவாட்டுத் துண்டு வச்சுப் புடிச்சுக் கொல்லுறேன், எம்மவன் ஏசி ரூம்புல வச்சுத் தாலாட்டுறான்' என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு என்று கேள்விப்பட்டதும், எலி வளையானாலும் தனி வளை என்று சும்மாவா சொன்னார்கள் என்றாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, பொறி வைப்பதையே நிறுத்திவிட்டாள். 'தம்பிக்குச் சோறு போடுறதே எலிதானங்க, அதப்போய்க் கொல்லலாமா' என்று நியாயம் வேறு. நம் வீட்டு அரிசி மூட்டை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ போனில் சொல்லும் தேதிகளைத் தினசரிக் காலண்டரில் எழுதி வைப்பாள். எலி பிறந்த நாள், தலையில் ஊசி மாதிரி லென்ஸ் வைத்த நாள், வாராவாரம் நீ பார்க்கிற நாள். நல்ல நேரத்துக்கும் ராகு காலத்துக்கும் நடுவில் 'எலி பாக்கணும்' என்று எழுதியிருக்கும். நீ பார்த்தது, அந்தப் பச்சைச் செல்கள் மெல்ல மெல்லச் சாகும்படியாகப் பிறந்த எலிகள். அதே எலி, அதே செல், வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு வாரம் தவறினாலும் மொத்தக் கணக்கும் போச்சு, ஒரு வருஷ உழைப்பு வீண் என்று அவளிடம் நீ ஒரு தடவை சொன்னாய். சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். அவள் அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டாள்.

தஞ்சாவூரில் டாக்டர் கணையம் என்று சொல்லி, முற்றிவிட்டது, சில மாதம்தான் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் மறைக்க எனக்குத் திராணி இல்லை, பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டேன். பட்டுக்கோட்டை வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே காலண்டருக்குப் போனாள். விரலை வைத்து எண்ணினாள். 'இன்னும் பதினோரு வாரம் இருக்கு. அது முடியட்டும்ங்க. அதுவரைக்கும் நான் தாங்குவேன். தம்பிட்ட மூச்சு விடாதீங்க' என்றாள். நான் சரி என்றேன். அவள் சொன்னாள், நான் கேட்டேன் என்று நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன் தம்பி. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நம் தெருவைப் பற்றி உனக்குத் தெரியாததா? ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் ஆள் சவுதியில், குவைத்தில், கத்தாரில். கடல் தாண்டியவனுக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். அவன் முதலாளி விடமாட்டான், லீவு கிடைக்காது, வர முடியாதவன் அங்கே கிடந்து சாவான், அவன் லீவில் வந்து பெட்டியை இறக்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பார்கள். அப்பன் செத்ததை ஆறு மாதம் கழித்து வந்து தெரிந்துகொண்டவர்கள் நம் தெருவிலேயே உண்டு. அவர்களுக்கு அது நியாயம். உனக்கு அந்த நியாயம் பொருந்துமா, உன்னை யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா என்று நாங்கள் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. எங்களுக்குக் குவைத்தும் ஜெர்மனியும் ஒன்றுதான், ரெண்டும் கடலுக்கு அங்கிட்டு.

அப்புறம் நடந்ததை நீ என்னிடம் கேட்டதே இல்லை, நானும் சொன்னதே இல்லை. நீ மத்தியானம் கூப்பிடுவாய் என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே அவளை எழுப்பி, தலை வாரி, அந்த மாம்பழக் கலர் சேலையைச் சுற்றிவிடுவேன். முகத்துக்கும் கழுத்துக்கும் பவுடர். கன்னம் குழிந்தது தெரியாமல் இருக்க இரண்டு பக்கமும் வெற்றிலையைச் சுருட்டி அதக்கிக்கொள்வாள். என்னம்மா புதுசா வெற்றிலை போடுகிறாய் என்று நீ கேட்டாய். 'வயசாயிருச்சுல்ல தம்பி' என்று சிரித்தாள். போனை நான்தான் பிடித்திருப்பேன், கொஞ்சம் தள்ளி, வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி. பத்து நிமிஷம். நீ வைத்ததும் வெற்றிலையைத் துப்பக்கூடத் தெம்பு இருக்காது, நான் விரலை விட்டு எடுப்பேன். என் சர்வீஸில், லைனை ஆஃப் பண்ணியாச்சு என்று போனில் ஒருத்தன் சொன்னதை நம்பி ஒருநாளும் கம்பியைத் தொட்டதில்லை. நானே டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். அப்படிப்பட்ட நான்தான், போனில் சொன்னதை நம்பும்படி உன்னை உட்கார்த்தி வைத்தேன்.

அவள் தாங்கியது எட்டு வாரம். நீ வந்து இறங்கியபோது ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். கண்ணாடி மேல் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாய். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டாய், சொன்னேன். அதற்குப் பிறகு கருமாதி வரைக்கும் நீ என்னிடம் பேசவில்லை. கருமாதி முடிந்து பந்தல் பிரிக்கும்போது, பின்கட்டில் கை கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். 'ஒரு மெயில் போட்டா பக்கத்து சீட்டுக்காரர் என் எலியப் பாத்துருப்பாருப்பா. அஞ்சு நிமிச வேலை.' குழாயை மூடினாய். 'எலி மண்டைக்குள்ள ஒரு புள்ளி அணைஞ்சாக்கூட எனக்குத் தெரியும். வாராவாரம் எங்கம்மா மொகத்தப் பாத்துருக்கேன், தெரியல.' அன்றைக்குச் சாயங்காலமே திருச்சிக்குக் கார் ஏறிவிட்டாய்.

நாலு வருஷம் அந்த இரண்டு வாக்கியத்தைத்தான் நான் தின்றுகொண்டிருக்கிறேன். முதல் வாக்கியம் எனக்கு விழ வேண்டிய அடி, வாங்கிக்கொண்டேன். இரண்டாவது உனக்கு நீயே போட்டுக்கொண்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெரியாமல் போனது உன் கண்ணின் குற்றம் இல்லை தம்பி. தெரியக்கூடாது என்று இரண்டு பேர் ஒன்பது மணியிலிருந்து பாடுபட்டோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சுலபமில்லை, நாங்கள் மறைத்தோம். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை அன்றைக்கே உன் தோளைப் பிடித்துத் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். ஈரக் கையோடு நீ நின்றாய், நான் பந்தல்காரரைத் தேடுகிற மாதிரி நகர்ந்துவிட்டேன்.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தையும் முதல் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார். எழுத்து சிறுத்துச் சிறுத்து எறும்பு மாதிரி ஆகிக்கொண்டு வருகிறதா? நீ படித்த படிப்புக்கு இதற்குள் கண்டுபிடித்திருப்பாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டீ கிளாஸில் ஆரம்பித்தது. வலது கை, சும்மா இருக்கும்போது ஆடும், எதையாவது எடுக்கப் போனால் அடங்கும், எடுத்ததைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் மறுபடி ஆடும். கம்பம் ஏறிய கை, நரம்புத் தளர்ச்சி என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். நடக்கும்போது கால் இழுக்க ஆரம்பித்த பிறகு உன் மாமாதான் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனான். டாக்டர் சின்ன வயசு, பொறுமையான ஆள். பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டு, புரியட்டும் என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு மூளையை வரைந்து, நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். இந்த இடத்தில் ஒரு வகைச் செல் குறைந்துகொண்டே வருகிறது என்றார்.

'தெரியும் டாக்டர். எம் மகன் எலிக்கு அந்த எடத்துலதான் பச்சை வெளக்கு எரிய விட்டுருக்கான்' என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நீ எங்கே இருக்கிறாய், என்ன படித்தாய் என்றெல்லாம் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, வந்த காரியத்தையே மறந்துவிட்டேன். கடைசியில், 'அப்ப, ஒங்க மகன் இதுக்கு என்ன சொல்றார்?' என்றார்.

'அவனுக்குத் தெரியாதுங்க' என்றேன்.

உன் மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன், அந்தப் பச்சைச் செல் ஏண்டா சாகிறது என்று. வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் வைத்துவிடுகிறவன், அன்றைக்கு நாற்பது நிமிஷம் பேசினாய். குரலே மாறிவிட்டது. படம் அனுப்பினாய், இதைப் பாருங்கப்பா அதைப் பாருங்கப்பா என்றாய். போனை வைத்த பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை. வியாதி வந்ததற்குச் சந்தோஷப்பட்ட பைத்தியக்காரன் நானாகத்தான் இருப்பேன். அடுத்த வாரத்துக்கும் கேள்வி வேண்டுமே என்று ஒரு நோட்டுப் போட்டேன். பச்சையை விட்டால் வேறு நிறம் உண்டா, ஒரே எலியில் இரண்டு வகைச் செல்லுக்கு இரண்டு நிறம் கொடுக்கலாமா, எல்லாக் குட்டிக்கும் அந்தக் குறிப்பு வருமா, வராத குட்டியை எப்படிப் பிரிப்பீர்கள். அப்பாவுக்கு இந்த வயதில் என்ன ஆர்வம் என்று நீ பூரித்துப்போனாய். ஆர்வம் பொய்யில்லை தம்பி, உன் வேலை அவ்வளவு அழகு. ஆனால் கேள்வி எங்கேயிருந்து கிளம்பியது என்பதை மறைத்தேன்.

ஒரு ஆசையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மகனே இதற்கு மருந்து கண்டுபிடித்துவிடுவான் என்று. போன மாதம் கேட்டேனே, செத்த செல் திரும்ப வருமா என்று. வராது என்றாய். விளக்கு எரியவிட்டால் அது பிழைத்துக்கொள்ளாதா என்று கேட்டேன், முட்டாள்தனமாக. நீ சிரிக்கவில்லை. 'வெளிச்சம் அதக் காப்பாத்தாதுப்பா. எங்க இருக்கு, எப்பப் போகுதுன்னு காட்டும், அவ்வளவுதான். ஆனா அது தெரியாம அடுத்தது என்ன செய்யுறதுப்பா?' என்றாய். நீ எலியைப் பற்றித்தான் சொன்னாய். எனக்கு உன் அம்மாவின் வெற்றிலை அதக்கிய கன்னம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

மறுநாளே உன் மாமாவிடம், பிள்ளைக்குச் சொல்லப்போகிறேன் என்றேன். 'இப்பச் சொல்லி என்ன மச்சான் ஆவப்போவுது? மாத்திரையச் சாப்புடுங்க, அவன் பொழப்பக் கெடுக்காதீங்க' என்றான். நல்லவன், மாதாமாதம் கடையைப் பூட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு அலைகிறவன், ஆனாலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு தடவை கெடுத்தது போதும் என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்ட பிறகு கை இன்னும் கொஞ்சம் ஆடியது. அவன் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான்.

பயப்படாதே, இது உன் அம்மாவுக்கு வந்தது மாதிரி இல்லை. மாத்திரை கேட்கிறது. பல வருஷம் ஓட்டலாம் என்கிறார் டாக்டர். காலையில் பெரியகடை வீதி வரைக்கும் நடக்கிறேன். வேலையை விட்டுவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடாதே, வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். நீ எனக்காக மருந்து கண்டுபிடிக்கவும் வேண்டாம். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள், பிள்ளைகள் வரும். அவர்களிடம் சளி பிடித்தால் சளி என்று சொல், கவலை என்றால் கவலை என்று சொல். நல்லதுக்குத்தான் மறைக்கிறோம் என்று தோன்றினால், அந்த நல்லது யாருக்கு என்று ஒரு தடவை கேட்டுக்கொள். எங்களுக்குக் கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை.

எனக்கு வேண்டியது பத்து நாள். குளித்துவிட்டு ஈரத் துண்டை நாற்காலியில் போடுவாயே, அதற்கு உன்னைத் திட்ட வேண்டும் போல இருக்கிறது. சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, ரசத்தில் உப்பு இல்லை என்று நீ முகத்தைச் சுளிப்பதைப் பார்க்க வேண்டும். என் கையைப் பிடித்துப் பார்த்து, நீ படித்தது எதையாவது சொல். இல்லை, கோபம் மிச்சம் இருந்தால் அதைச் சொல், இந்தத் தடவை நான் நகர்ந்து போக மாட்டேன். மனசு உன்னைத் தேடுகிறது தம்பி. இந்த வார்த்தையை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. எந்த மாதம் தோதுப்படும் என்று கேட்க மாட்டேன். உன் எலிகளுக்கு இப்போது எத்தனையாவது வாரம் என்றும் கேட்க மாட்டேன். நீ வா.

இரண்டு வருஷமாக வீடியோவில் நீ பார்க்கிற அப்பா ஆடாமல் அசையாமல் இருப்பதற்குக் காரணம், போனை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அமுக்கி வைத்திருப்பதுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு வரி மெசேஜ் போடு. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது வலது கையால் பிடிக்கப்போகிறேன். படம் ஆடும். நெட்வொர்க் சரியில்லை என்று கட் பண்ணிவிடாதே. அது நான்தான்.

அப்பா